முகங்களைத் திருப்பித் தந்த அம்பலவாணர்

திருவண்ணாமலைக் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நின்று, வெளியூர் பக்தர்களைப் படம் எடுத்துக் கொடுத்துப் பிழைத்தவர் அம்பலவாணர். விடிந்ததும் நீறு பூசி மலையை நோக்கிக் கும்பிடுவார். "இன்னைக்கு யார் மொகத்துல வந்து நிக்கப் போறே, அண்ணாமலையாரே?" என்று கேட்டுவிட்டுத்தான் கேமராவைத் தொடுவார். தமக்கு முன் நிற்கும் முகமெல்லாம் ஈசன் முகம் என்பது அவர் நம்பிக்கை. எடுத்த படத்தை உரியவர் கையில் சேர்க்காமல் அவர் விட்டதே இல்லை.

எல்லார் கையிலும் கைபேசி வந்த பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. அம்பலவாணர் பேருந்து ஏறி ஜவ்வாது மலைக்குப் போனார். மலை ஊர்களையும் மனிதர்களையும் படம் பிடித்துச் சுற்றுலாப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். படம் அச்சானதும் முதல் வேலையாக அதே ஊருக்குத் திரும்பிப் போவார். ஒவ்வொருவருக்கும் அவரவர் படம், பள்ளிக்கூடத்துக்குப் பாய்கள், அம்மன் விளக்குக்கு எண்ணெய். கோபுரத்தடித் தோழர்கள் சிரித்தார்கள்.

"இன்னா அம்பலம், மலைக்காரனுக்கு வாரிக் குடுக்கிறியாமே? மொதல்ல உன் ஊட்டு அடுப்பு எரியட்டும்."

"அவங்க மொகத்த வெச்சுத்தானே சம்பாதிக்கிறேன். அவங்களுக்கு இல்லாம எனக்கு மட்டும் எப்பிடிப்பா?" என்பார் அவர். வீட்டில் மனைவி வேதவல்லியும் கூழைக் கரைத்து வைத்துக்கொண்டு கணவர் சொன்னதையேதான் சொன்னார்.

அவருக்கு மிகப் பிடித்த ஊர் நெல்லிவாய்க்கொல்லை. நாற்பது வீடுகள். மேலே ஒரு சுனை, அதன் கரையில் பச்சையம்மன். அம்மனைப் படம் எடுக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. அதை மதித்து, சுனைநீர் இறங்கி விழும் அருவியை மட்டும் அவர் எடுத்தார். அன்பு மிகுதியால் ஊரின் பெயரையும் எழுதி அனுப்பினார்.

அந்தப் படம் ஊரூராகப் பரவியது. மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மலை ஏறின. அருவியோடு நில்லாமல் சுனைவரை போனார்கள். குடிக்கும் நீரில் சோப்பு நுரை மிதந்தது. தண்ணீர் எடுக்கப் போன கோசலை என்ற பெண்ணின் பாதத்தை உடைந்த பாட்டில் கிழித்தது. சேதி கேட்டு ஓடிவந்த அம்பலவாணரை ஊர்த்தலைவர் சடையாண்டி எல்லையிலேயே மறித்தார்.

"நல்லவன்னு நெனச்சோமே ஐயா! உன் படத்தால எங்க தண்ணியே கெட்டுப்போச்சு. இனிமே ஊருக்குள்ள கால் வெக்காத."

அம்பலவாணர் மண்ணில் விழுந்து வணங்கினார். "தப்பு என்னுதுதான். சுனை தெளியற வரைக்கும் கேமராவத் தொட மாட்டேன். இது அண்ணாமலையார் மேல ஆணை."

கேமரா பூசைப் படத்தருகே ஆணியில் தொங்கியது. வாரநாட்களில் அவர் சந்தையில் மூட்டை சுமந்தார். ஞாயிறுதோறும் சாக்குப்பையுடன் மலை ஏறினார். ஊருக்குள் நுழையாமல் காட்டுப்பாதையாகவே போய்க் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினார். சுனைக்குப் போகும் வழியில் நின்று வருவோரைக் கைகூப்பித் தடுத்தார்.

"யோவ் பெருசு, சுனை உங்கப்பன் ஊட்டுதா?" என்று குடித்திருந்த ஒருவன் அவரைப் பிடித்துத் தள்ளினான். பாறையில் மோதி நெற்றி பிளந்தது. அவர் எழுந்து, வழியும் குருதியைத் துண்டால் அழுத்திக்கொண்டு, "இல்ல தம்பி. நாப்பது ஊடு குடிக்கிற தண்ணி" என்றார். பிறகு அதே இடத்தில் நின்றார். அடுத்த ஞாயிறும் நின்றார்.

மூன்றாவது மாதம் அவர் பக்கத்தில் கோசலை வந்து நின்றாள். பிறகு மற்றப் பெண்கள் வந்தார்கள். ஊரார் துணையில்லாமல் யாரும் அருவிக்குப் போகக் கூடாது என்று ஊர்கூடி முடிவு செய்தார்கள். வருவோருக்கு வழிகாட்டுவதும் களி ஆக்கிப் போடுவதும் அந்தப் பெண்களுக்குப் பிழைப்பாயின. ஒரு மழைக்காலம் கடந்ததும் சுனையின் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது.

ஆடித் திருவிழா வந்தது. அழைப்பில்லாத அம்பலவாணர் எல்லைக்கு வெளியே கைகூப்பி நின்றார். உடுக்கை முழங்க, சடையாண்டி மேல் அம்மன் இறங்கினாள். வேப்பிலையை வீசியபடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு எல்லை தாண்டி வந்து, அவர் முன் நின்றாள்.

"ஏன்டா மகனே தூர நிக்கிற? ஊரு மொகமெல்லாம் எடுத்தியே, என் மொகத்த ஏன் எடுக்கல?"

அம்பலவாணர் குனிந்து கும்பிட்டார். "தாயே, உன்ன எடுக்கக் கூடாதுன்னு ஊர்க்கட்டு."

"கட்டுப் போட்டவ நான். அவுக்கிறவளும் நான். எடுடா!"

"கேமரா கொண்டாரலியே தாயே..."

"வர வெள்ளிக்கெழம வா. காத்திருக்கேன்."

அந்த வெள்ளிக்கிழமை நெல்லிவாய்க்கொல்லை முழுவதும் பேருந்து நிற்குமிடத்துக்குப் பறையோடு இறங்கி வந்தது. முன்னே நடந்தவர் சடையாண்டி. தம் கையாலேயே அம்பலவாணருக்குப் பரிவட்டம் கட்டி, வேதவல்லியாரையும் உடன் அழைத்துச் சுனைக்கரைக்குக் கூட்டிப் போனார். மஞ்சள் பூசி, பச்சைப் பட்டு உடுத்தி அமர்ந்திருந்தாள் அம்மன். அம்பலவாணர் விழுந்து வணங்கி எழுந்தார். கண்ணீர் மறைத்த கண்ணோடு ஒரே ஒரு படம் எடுத்தார்.

நாற்பது வீட்டுச் சுவரிலும் இன்று அந்தப் படம் உண்டு. உலகில் வேறெங்கும் அது இல்லை. பத்திரிகைகள் கேட்டும் அவர் தரவில்லை. தெய்வமே நாள் சொல்லிக் காத்திருந்த அந்தப் பெரியவரைப் பெற்றதால் நம் சீமைக்கே பெருமை.