நாலாவது அடுக்கு பிரில்

“டீச்சர், முன்னால இன்னொரு அடுக்கு பிரில் வைக்கட்டுமா?”

கேட்டவள் பிரகாசி. வயது நாற்பத்தாறு. தன் கல்யாணக் கவுனைத் தானே தைக்க வேண்டுமென்று தெக்லாவிடம் தையல் படிக்க வந்தவள். தெக்லாவுக்கு இருபத்தொன்பதுதான். ஆனாலும் தூத்துக்குடியில் கவுன் என்றால் அவளைத்தான் கை காட்டுவார்கள்.

“மூணு அடுக்கு இருக்கேக்கா.”

“போதாது டீச்சர்.”

தெக்லா துணியை எடுத்து நீட்டினாள்.

நூறு வருஷத்துக்கு முந்தின வெள்ளைக்காரத் துரைசானிமார் உடுத்தின மாதிரி கவுன் அது. மேலே ஒரு கவுன் என்றால் உள்ளே ஒரு மூட்டைத் துணி. மல் துணியில் ஷிமிஸ் என்கிற உள்சட்டை, அதன் மேல் கயிறு கட்டி இடுப்பை இறுக்குகிற கார்செட், அதன் மேல் முன்பக்கம் பிரில் வைத்த உள்பாடி, அப்புறம் பெட்டிகோட். இத்தனையும் தைத்து உடுத்திப் பார்த்த பிறகுதான் கவுனுக்கே அளவெடுக்க முடியும். இந்த வயசில் இந்தப் பாடு எதுக்கு என்று கேட்டவர்களிடம், ஆசை என்று சொல்லிவிட்டாள் பிரகாசி.

ஆசையாவது மண்ணாவது! அத்தனையும் பயம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஆபரேஷன் பண்ணி அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்காவுக்குத் துணையாக இருக்கப் போனேன் என்று ஊரில் சொல்லி வைத்தாள். மாப்பிள்ளை கபிரியேலுக்கும் தெரியாது. அளவெடுத்த தெக்லா ஒருத்திக்குத்தான் தெரியும்.

மாதா கோயிலில் ரெண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு ஓலைக்கும் சாமியார் கேட்பார். பின்னால் பெஞ்சு அசைந்தால் போதும், யாரோ எழுந்துவிட்டார்கள் என்று பிரகாசி கண்ணை மூடிக்கொள்வாள். மூன்றாவது ஓலை வருகிற ஞாயிற்றுக்கிழமை.

மறுநாள் ஒரு பை நிறையச் சாமான்களோடு வந்தாள்.

“இது எதுக்குக்கா?”

“கிளவுஸ். முழங்கைக்கு மேல வரும். ஆபரேஷனுக்கு அப்புறம் இடது கை வீங்கியிருக்குல்லா.”

“இது?”

“புரோச். இடது பக்கம் பெருசா குத்திக்கிடணும்.”

“இது?”

“தலைக்குப் போடுற நெட்டு முக்காடு. முன்னால இடுப்பு வரைக்கும் விழும்.”

“சரி. இதுல உங்களுக்குப் பிடிச்சது எது?”

பிரகாசி பையைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தாள்.

ராவும் பகலுமாகக் கவுனையும் தைத்து முடித்து, சனிக்கிழமை மத்தியானம் போட்டுப் பார்க்க வந்தாள். கபிரியேல்தான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். தெருவில் நிழல் பார்த்து நின்றுகொண்டார்.

தெக்லா ஒவ்வொன்றாக உடுத்திவிட்டாள். கார்செட் கயிற்றை இறுக்கினாள். கடைசியாகக் கவுனை மாட்டி, முதுகுப் பக்கம் வரிசையாக நாற்பது கொக்கியையும் போட்டாள்.

பிரகாசி கண்ணாடி முன்னால் அப்படித் திரும்பினாள், இப்படித் திரும்பினாள்.

“தெரியல! டீச்சர், ஒண்ணுமே தெரியல!”

“நல்லா இருக்கு. கழட்டிட்டு வாங்க.”

சொல்லிவிட்டுத் தெக்லா மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

பிரகாசி கையைப் பின்னால் கொண்டுபோனாள். வலது கைக்கு ஒரு கொக்கிகூட அகப்படவில்லை. இடது கை தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. வியர்த்துக் கொட்டியது.

“கை எட்டல டீச்சர். கழட்டி விடுங்க.”

“நான் எதுக்கு? கல்யாணத்தன்னைக்கு ராத்திரி நான் வர மாட்டேனே.”

பிரகாசி கையைக் கீழே இறக்கினாள். இத்தனை நாளும் கோயில், போட்டோ, ஊர்ச்சனத்தின் கண் என்றுதான் யோசித்திருந்தாள். அதைத் தாண்டி நினைக்கவே பயந்திருந்தாள்.

“சொன்னா என்னை விட்டுட்டுப் போயிருவாரு.”

“போகலாம்.”

“போக மாட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?”

“எனக்குத் தெரியாதேக்கா.”

“ஈரக்குலை நடுங்குது டீச்சர்.”

“இப்பப் போனாருன்னா, நான் இருக்கேன். நாற்பதையும் நானே கழட்டி விடுதேன். அன்னைக்குப் போனா?”

 பிரகாசி கவுனை ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருப்பக்க ஜன்னலுக்குப் போனாள்.

“ஏங்க.”

தெருவுக்குக் கேட்கவில்லை. ஜன்னலோடு ஒட்டி நின்று மறுபடியும் கூப்பிட்டாள்.

“ஏங்க, உள்ள வாங்க. இதைக் கழட்டுறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”