இறந்தகாலம் இல்லாத சொல்

முன்னொரு நாளில், பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில், கடற்கரை நாடு ஒன்றை மகிழவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்குப் புதுச் சொற்கள் மீது தீராத ஆசை. யார் எந்தச் சொல்லைப் புதிதாகச் சொன்னாலும் அதன் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டான்.

ஒருநாள் ஆங்கிலக் கப்பல் தலைவன் ஒருவன் அவனுக்கு வெள்ளைக் குதிரை ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்தான். கடிவாளத்தைக் கொடுத்துவிட்டு, குதிரையின் பின்பக்கம் கையை நீட்டி, "பிவேர்! பிவேர்!" என்றான். காற்று திரும்புவதற்குள் புறப்பட வேண்டும் என்று அவசரமாகக் கப்பலேறிவிட்டான்.

"ஓசை நன்றாக இருக்கிறதே! பொருள் என்ன?" என்று அரசன் கேட்டான்.

வெள்ளையர் பேச்சை அரசனுக்கு மொழிபெயர்த்துச் சொல்பவர் துபாஷி அனந்தப்பர். மிளகு விற்க, துணி விற்க வேண்டிய ஆங்கிலம் அவருக்குத் தெரியும். இந்தச் சொல் தெரியாது. ஆனால் சபை நடுவே தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"'நீடூழி வாழ்க' என்று பொருள், மகாராஜா!"

அரசன் பூரித்துப்போனான். மறுநாள் முதல் அவன் கொலுமண்டபத்தில் நுழையும்போதெல்லாம் அமைச்சர்களும் சேனாதிபதியும் கைகூப்பி, "பிவேர்! பிவேர்!" என்று முழங்கினார்கள். அதோடு நிற்கவில்லை. பௌர்ணமி ஊர்வலத்தில் சின்ன இளவரசி முத்தழகி அந்தக் குதிரையின் வாலில் பூச்சரம் கட்டி, "பிவேர்" என்று வாழ்த்த வேண்டும் என்றும் ஆணை பிறந்தது.

அரண்மனை விகடன் சாத்தையனுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னபோது கப்பல் தலைவன் முகத்தில் சிரிப்பில்லை. குதிரையை விட்டு விலகி நின்றுதான் சொன்னான். வாழ்த்துகிறவன் எதற்கு விலக வேண்டும்?

துறைமுகச் சத்திரத்தில் வில்கின் என்ற மாலுமி காய்ச்சலோடு படுத்திருந்தான். அதே கப்பலில் வந்தவன். எழுந்து நடக்க முடியாததால் இறக்கி விடப்பட்டவன். சாத்தையனின் மனைவி நல்லாத்தாள்தான் அவனுக்குக் கஞ்சி கொடுத்துவந்தாள். பல வருஷம் இந்தக் கரையில் திரிந்ததால் கொச்சையாகத் தமிழ் பேசுவான். சாத்தையன் போய் விசாரித்ததும் அவன் பதறி எழுந்து உட்கார்ந்தான்.

"ஐயோ சாமி, அது வாழ்த்து இல்லே! ஜாக்கிரதைன்னு அர்த்தம். அந்தக் குதிரை பின்னாலே யார் போனாலும் உதைக்கும். எங்காளு ஒருத்தன் விலா எலும்பு போச்சு."

"அடப்பாவமே! நாங்க அதை ராஜாவைப் பார்த்தில்ல கத்திக்கிட்டு இருக்கோம்!"

வில்கின் சிரித்தான். "இன்னொண்ணு கேட்டுக்கோ. நேத்து பிவேர் பண்ணினான்னு எங்க ஊர்ல சொல்றதில்லே. ஆபத்து வர்றதுக்கு முன்னாடி சொல்ற வார்த்தை அது."

சாத்தையன் நேரே சபைக்கு ஓடி விஷயத்தைச் சொன்னான். அனந்தப்பருக்கு முகம் கறுத்தது. வெகுநாளாகவே அரசன் விகடனைக் கொண்டாடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. விடுவாரா?

"மகாராஜா, வினைச்சொல் என்றால் முக்காலமும் உண்டு. இவ்வளவு தெரிந்தவர் அதன் இறந்தகாலத்தையும் சொல்லட்டுமே!"

"நியாயம்தான்," என்றான் அரசன். "சாத்தையா, இறந்தகாலத்தைச் சொல். சொல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போ."

"உத்தரவு மகாராஜா. குதிரையையும் ஒரு பஞ்சு மூட்டையையும் முற்றத்துக்கு வரவழையுங்கள்."

இரண்டும் வந்தன. சாத்தையன் மூட்டையை அனந்தப்பரின் மார்போடு சேர்த்துக் கட்டினான்.

"இது எதற்கு?" என்றார் அவர்.

"வாழ்த்துப் பெறுகிறவர் கொஞ்சம் பருமனாகத் தெரிந்தால் அழகு. தாங்கள் குதிரைக்குப் பின்னால் நில்லுங்கள்."

மறுத்தால் தன் பொய் வெளிப்பட்டுவிடுமே என்று அனந்தப்பர் போய் நின்றார்.

"பிவேர்!" என்று சாத்தையன் உரக்கச் சொன்னான். அனந்தப்பர் புன்னகையோடு தலை தாழ்த்தினார். குதிரை பின்னங்காலைத் தூக்கி விட்டது ஒரு உதை! மூட்டை கிழிந்து பஞ்சு பறக்க, அனந்தப்பர் உருண்டுபோய்ச் சேனாதிபதியின் மடியில் விழுந்தார்.

சாத்தையன் வாய் திறக்காமல் நின்றான்.

"பேசாமல் நிற்கிறாயே! இறந்தகாலம் எங்கே?" என்றான் அரசன்.

"உதை விழுந்தாயிற்று மகாராஜா. இனி அந்தச் சொல்லைச் சொல்லி என்ன பயன்? அதற்கு இறந்தகாலம் கிடையாது."

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது. அங்கே நின்றிருக்க வேண்டியவள் தன் மகள் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப்புரத்துக்கு ஓடி, குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

அனந்தப்பர் தடுமாறி எழுந்து சாத்தையனின் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவும் இல்லை. உன்னை ஊரை விட்டே விரட்டப் பார்த்தேன். நீயோ என் விலா எலும்பைக் காப்பாற்றினாய். இதை மறக்கமாட்டேன் அப்பா."

"சாத்தையா, என்ன வேண்டும்? கேள்," என்றான் அரசன்.

"நன்றி சேர வேண்டிய இடம் துறைமுகத்தில் இருக்கிறது மகாராஜா."

அரசன் மகளோடு சாத்தையனையும் அனந்தப்பரையும் அழைத்துக்கொண்டு சத்திரத்துக்குப் போனான். வில்கினின் கட்டிலருகே நின்று, "இவர் மொழியில் நன்றியை எப்படிச் சொல்வது?" என்று அனந்தப்பரைக் கேட்டான்.

அனந்தப்பர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். "தெரியும் என்றுதான் நினைக்கிறேன், மகாராஜா. எதற்கும் அவரையே கேட்டுவிடுவோம்."

அரசன் சத்திரமே அதிரச் சிரித்தான். வில்கின் சொல்லிக்கொடுக்க, "தேங்க்யூ" என்று அரசனும் சொன்னான், முத்தழகியும் சொன்னாள். மாலுமி போர்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அரண்மனை வைத்தியரை அவனுக்கு அமர்த்தி, குணமானதும் ஊர்போக ஏற்பாடு செய்தான் அரசன். பிறகு தன் காதிலிருந்த வைரக் கடுக்கனைக் கழற்றித் தன் கையாலேயே சாத்தையனுக்குப் பூட்டினான். கஞ்சிப் பானையோடு வாசலில் தயங்கி நின்ற நல்லாத்தாளைப் பார்த்தான்.

"தாயே, அதில் எங்களுக்கும் ஒரு வாய் இருக்குமா?"

"இருக்கு மகாராஜா. உப்புதான் கொஞ்சம் கம்மி," என்று சொல்லி, அவள் அரசனுக்கும் இளவரசிக்கும் அனந்தப்பருக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.