உருளைக்கிழங்கு குடியிருந்த வீடு

பூமி குலுங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. கோம்லிங் என்ற அந்தப் பனிமலை ஊர் இன்னும் முழுதாக விழித்துக்கொள்ளவில்லை. காலையில் மேகம் தெருவுக்குள் வரும். ஆட்களை மறைக்கும், ஆடுகளை மறைக்கும். மத்தியானம் போனால் போகிறது என்று கொஞ்சம் விலகும். அப்போது பார்த்தால் பதினான்கு புது வீடுகள் தெரியும். பதினான்கிலும் மனுஷர் இல்லை.

வீடுகளைக் கட்டியது தெற்கேயிருந்து போன ஒரு மிஷன். கட்டிட வேலைக்குப் பொறுப்பு சூசைமாணிக்கம். தூத்துக்குடிப் பக்கம், வயது அறுபத்தொன்று, ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த வருஷம், விடுமுறைக்கு ஊர் வந்திருந்த அந்த மிஷனின் சிஸ்டர் செலஸ்டினிடம் போய், "எனக்குச் செபிக்கச் சொல்லிக் குடுங்க" என்று நின்றார். சிஸ்டர் அவரைவிடப் பதினேழு வயது இளையவர்.

"முதல்ல கொத்து வேலைக்கு வாங்க அண்ணாச்சி. செபம் பொறத்தாலயே வரும்" என்றார் சிஸ்டர். அப்படித்தான் அவர் சீடரானார்.

பக்கத்து மலையில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த சிஸ்டர் மூன்று மாதம் கழித்து அன்றைக்குத்தான் கோம்லிங்குக்கு வந்தார். சூசைமாணிக்கம் ஊர் எல்லையிலேயே காத்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், வீட்டுக்குள்ள ஒருத்தரும் போவ மாட்டேங்காவ."

"என்ன செய்யுதாவ?"

"உருளைக்கிழங்கைக் கொட்டி வச்சிருக்காவ. வெறகு அடுக்கியிருக்காவ. ஆளுங்க மட்டும் வெளிய தார்ப்பாய்க்குள்ள கெடக்காவ."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சூசைமாணிக்கத்துக்கு வரவில்லை. மூலைக்கு மூலை கம்பி நிறுத்தி, சுவரைச் சுற்றி கான்கிரீட் பெல்ட் போட்டு, பூமி குலுங்கினாலும் விழாதபடி அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடுகள். அதில் உருளைக்கிழங்கு சொகுசாக இருந்தது.

"நீங்க எடுத்துச் சொல்லலியா?"

"மொழி தெரிஞ்ச ஆளை வச்சுச் சொல்லியாச்சு. படம் போட்டுக் காட்டியாச்சு. நாலு பேரைக் கூரை மேல ஏத்திக் குதிக்கச் சொல்லியாச்சு. எல்லாத்துக்கும் தலையாட்டுதாவ. உப்புப் போட்ட டீ குடுக்காவ. பெறகு தார்ப்பாய்க்குள்ள போயிருதாவ." அவர் மேலே பார்த்தார். "பத்து நாள்ல பனி விழுமாம். லாமுன்னு ஒரு பொண்ணு. பெத்து ரெண்டு மாசம்தான் ஆவுது. குழந்தைக்கு நெஞ்சுல சளி. இந்தக் குளிர்ல வெளிய கெடந்தா அது பொழைக்காது சிஸ்டர்."

இருவரும் நடந்தார்கள். கடைசி வீட்டுக்கு முன்னால் தார்ப்பாயின் கீழே லாமு உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிச்சுருளுக்குள்ளிருந்து இருமல் சத்தம் வந்தது. சிஸ்டர் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பதினோரு வருஷமாக அந்த மலைகளில் இருப்பவர், பேச்சு நன்றாக வரும்.

"ஏனம்மா உள்ளே போகவில்லை?"

லாமு கூச்சத்தோடு சூசைமாணிக்கத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுதா?" என்றார் அவர்.

"கட்டினவங்களுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரிஞ்சிரப் போவுதுன்னு கேக்கா. மிஷன் ஆளுங்க நீங்க ஒம்பது பேரும் கூடாரத்துலதான படுக்கீய."

சூசைமாணிக்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. ஊருக்கு வந்த முதல் நாள் அவர்தான் முழங்காலிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி நேர்ச்சை செய்தவர். கடைசிக் குடும்பத்துக்குக் கூரை ஏறுகிறவரை மிஷன் ஆட்கள் யாரும் வீட்டுக்குள் படுப்பதில்லை என்று. பதினான்கு போக இன்னும் எட்டு வீடு கட்டப் பாக்கி. மூட்டுவலியோடு அவர் அந்த நேர்ச்சையைக் காத்து வந்தார். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

"அது பயம் இல்ல சிஸ்டர், நேர்ச்சை! அவகிட்டச் சொல்லுங்க."

சிஸ்டர் சொன்னார். லாமு மரியாதையாகத் தலையாட்டினாள். கான்கிரீட் பெல்ட்டுக்குத் தலையாட்டிய அதே மாதிரி.

சிஸ்டர் எழுந்தார். "ரொம்ப தூரம் நடந்துட்டேன் அண்ணாச்சி, உறக்கம் வருது" என்றார். லாமுவிடம் அவள் மொழியில், "உன் வீட்டில் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்.

"உள்ளே கிழங்குதான் இருக்கிறது" என்றாள் லாமு, வெட்கத்தோடு.

"அது ஒன்றும் சொல்லாது."

சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கிழங்குகளைக் கையால் ஒதுக்கி, சால்வையைப் போர்த்திக்கொண்டு, சுவரோரமாகச் சாய்ந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

ஊர் மெல்லக் கூடிவிட்டது. மேகம் திரும்பவும் இறங்கி வந்தது. திறந்த கதவு வழியாக அதுவும் உள்ளே போய்ப் பார்த்தது. வேடிக்கை பார்த்தவர்களில் இரண்டு பேருக்குக் கண் சொக்கியது. அந்த மத்தியானம் அப்படி இருந்தது.

அப்போது பூமி அசைந்தது.

பெரிதாக இல்லை, ஆனால் கூரைத் தகரம் முழுக்கக் கடகடத்தது. கிழங்குகள் உருண்டு வாசலுக்கு வந்தன. ஊர் அலறிக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடியது. ஓடியவர்களில் முதல் ஆள் சூசைமாணிக்கம். தாம் ஓடுகிறோம் என்பதே அவருக்கு நின்ற பிறகுதான் தெரிந்தது.

எல்லாம் அடங்கியது. மேகத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. வீடு நிற்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. சூசைமாணிக்கம், "சேசுவே, சேசுவே" என்றார்.

மேகத்துக்குள்ளிருந்து குறட்டை வந்தது.

யாரோ சிரித்தார்கள். லாமு சிரிக்கவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மேகத்துக்குள் நடந்தாள்.

சூசைமாணிக்கம் பின்னாலேயே போனார். வீடு ஒரு விரிசல் இல்லாமல் நின்றது. உள்ளே லாமு, சிஸ்டருக்குப் பக்கத்தில் குழந்தையைப் படுக்க வைத்துத் தானும் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எத்தனை நாள் தூக்கமோ, அதற்குள் கண் மூடிவிட்டாள். அவர் வாசற்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார்.

"சிஸ்டர், உறங்குதீயளா?"

"இல்ல."

"குலுங்குனப்போ?"

"அப்பவும் இல்ல."

"அந்தக் குறட்டை?"

"கடைசியா விட்டது மட்டும் கொஞ்சம் சத்தமா விட்டேன்."

"பயமா இல்லியா?"

"கை காலெல்லாம் விறைச்சுப் போச்சு அண்ணாச்சி. நான் எந்திரிச்சு ஓடியிருந்தா உங்க பதினாலு வீடும் இன்னைக்கே விழுந்திருக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே மேகம் கொஞ்சம் விலகியிருந்தது; வேறு இரண்டு குடும்பத்தார் தத்தம் வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஓடிட்டேன் சிஸ்டர். கட்டுனவன் நானே ஓடிட்டேன்." அவருக்குக் கண் கலங்கியது. "நேர்ச்சை, நேர்ச்சைன்னு இவ்வளவு நாளும் சொன்னேன். அதுக்குள்ள பயமும் ஒளிஞ்சு கெடந்திருக்கு. எனக்கே தெரியலை."

சிஸ்டர் தம் பக்கத்தில் கிடந்த கிழங்குகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் செய்தார்.

சூசைமாணிக்கம் அந்த இடத்தைப் பார்த்தார். வெளியே இருந்த காலை உள்ளே எடுத்து வைக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அவருக்குப் பின்னாலிருந்து குளிர்காற்று வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"நேர்ந்ததை முறிச்சா ஆண்டவர்ட்ட நான் என்ன சொல்லுவேன் சிஸ்டர்?"

குழந்தை இருமியது. சிஸ்டர் சால்வையை எடுத்து அதன்மேல் போட்டார்.

"உள்ள வந்து கதவைச் சாத்திட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. பிள்ளைக்குக் குளிருது."