நிழல் தந்த நீர்க்காகம்

மூங்கில் காட்டின் நடுவே ஒரு மடு இருந்தது. மடுவின் நடுவே ஒரு பாறை இருந்தது. காட்டில் பாறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் காலை வெயில் விழும் பாறை அது ஒன்றுதான்.

மினுக்கி என்ற நீர்நாய் விடியலில் மீன் பிடித்துத் தன் இரண்டு குட்டிகளுக்கும் கொடுப்பாள். பிறகு அந்தப் பாறையில் ஏறி வெயில் காய்வாள். அவளுடைய ரோமம் அடர்த்தியாக மின்னும். மின்னுவது பெரிதில்லை, மடுவின் குளிர் தோலைத் தொடாமல் காத்தது அந்த ரோமம்தான். நீர்நாய்க்கு முடி அலங்காரமன்று, சட்டை.

பாறை ஓரத்தில் ஓர் ஆமையும் படுத்திருக்கும். பெயர் ஓட்டாண்டி. முதுகில் வீட்டையே சுமப்பவனுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரோ!

ஒருநாள் கொக்கிவாயர் என்ற நீர்க்காகம் வந்து சேர்ந்தார். மூழ்கி மீன் பிடித்தால் அவர் இறக்கை நனைந்துவிடும். உலர்ந்தால்தான் நன்றாகப் பறக்க முடியும். பாறையைப் பார்த்தார். பிடித்துப்போயிற்று.

"அடடா, தங்கச்சி! இப்படி வெயிலில் கிடக்கிறாயே! முடி வேரோடு கருகி உதிர்ந்துவிடுமே!"

"உதிருமா, அண்ணா?"

"பின்னே? வெயிலில் புல் காய்கிறதா இல்லையா? முடியும் புல்தானே! கோரைப் புதருக்குள் போய்ச் சேற்றை அப்பிக்கொண்டு நிழலில் இரு. மூன்றே மாதம்! அப்புறம் பார்!"

உவமை அழகாக இருந்தது. அழகான உவமையை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. மினுக்கி புதருக்குள் போனாள்.

"ஓட்டாண்டி, உன் ஓடு வெடித்துவிடும்!" என்றார் கொக்கிவாயர்.

"வெடிக்கட்டும், கொஞ்சம் காற்று வரும்!" என்று ஆமை கண்ணை மூடிக்கொண்டது.

மூன்று மாதம் போயிற்று. மினுக்கியின் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. உச்சந்தலையில் தோல் தெரிந்தது. கால் வலித்தது. மனம் எதிலும் ஒட்டவில்லை. நீரில் இறங்கினால் குளிர் ஊசியாய்க் குத்தியது. மீன் கைக்கு வருமுன் நடுங்கிக்கொண்டு மேலே வந்தாள். குட்டிகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

"அம்மா, இன்றைக்கும் நத்தைதானா?"

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வெயில் பட்டால் உடம்பு ஒரு சத்தைத் தானே சமைத்துக்கொள்ளும். எலும்பு உறுதிப்பட அது வேண்டும். முடி வேரின் வேலையிலும் அதற்குப் பங்குண்டு. மனிதர்கள் அதற்கு வைட்டமின் டி என்று பெயரிட்டிருக்கிறார்கள். மீனிலும் அது உண்டு. ஆனால் மீன் பிடிக்க உடம்பில் தெம்பு வேண்டுமே! மினுக்கிக்கு இரண்டு வழியும் அடைபட்டிருந்தன.

ஒரு காலையில் அவள் பாறையருகே நீந்தி வந்தாள்.

"சேற்றை அப்பியும் முடி நிற்கவில்லை, அண்ணா! குட்டிகள் பட்டினி!"

"நிழல் போதவில்லை, தங்கச்சி! இன்னும் இருட்டான புதராகப் பார்!"

கொடியில் காயும் வேட்டிபோல இரண்டு இறக்கைகளையும் விரித்தபடியே சொன்னார் கொக்கிவாயர். அவர் நிழல் அவள்மேல் விழுந்தது. நடுக்கம் தாளாமல் அவள் ஒரு முழம் நகர்ந்தாள். கழுத்தில் வெயில் பட்டது. சுகமாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் அவர் சொன்னதைக் கேட்டிருந்தாளே தவிர, அவரைப் பார்த்ததில்லை.

"அண்ணா, நீங்கள் ஏன் வெயிலில் நிற்கிறீர்கள்?"

கொக்கிவாயர் இறக்கைகளை இன்னும் அகலமாக விரித்தார்.

"எல்லாம் உனக்காகத்தான்! உன்மேல் வெயில் படாமல் நிழல் தருகிறேன். இது தியாகம்!"

ஆமை சிரித்த சிரிப்பில் பாறையிலிருந்து வழுக்கி நீரில் விழுந்தது.

"மூன்று மாதமாக எனக்காக வெந்துவிட்டீர்களே, அண்ணா!" என்று மினுக்கி பாறைமேல் ஏறினாள். "இனி அந்தத் தியாகத்தை நான் செய்கிறேன். நீங்கள் கோரைக்குள் போய் இளைப்பாறுங்கள். சேறு நிறைய மிச்சமிருக்கிறது!"

முடி மறுநாளே முளைத்துவிடவில்லை. கதைக்காகக்கூட அது அவசரப்படாது. முதலில் கால்வலி குறைந்தது. பிறகு ஒரு குட்டிக் கெண்டை கிடைத்தது. பிறகு ஒரு விரால்! குட்டிகள் நத்தையை மறந்தன. "போதும், இறங்கு! வெயிலுக்கும் அளவு உண்டு!" என்று உச்சி வேளைக்கு முன்பே ஆமை எச்சரிக்கும், அவளும் இறங்குவாள். மழைக்காலம் வருவதற்குள் உச்சந்தலையில் பூனைமயிர் அரும்பியது, புதுப் புல்லைப் போல. வெயிலில் புல் காய்வது உண்மை. வெயிலில்தான் வளர்கிறது என்பதும் உண்மை. கொக்கிவாயர் பாதியைத்தான் சொல்லியிருந்தார்.

அவரோ பாறையை விட்டு இறங்கியதிலிருந்து ஈர இறக்கையோடு இரண்டு நாள் கரையில் நடந்து திரிந்தார். மூன்றாம் நாள் மினுக்கியே கூப்பிட்டாள்.

"வாருங்கள், அண்ணா. பாறை அகலம்தான். ஓரமாக நின்று உலர்த்துங்கள். வைத்தியம் மட்டும் சொல்லாதீர்கள்!"

ஒருவர் சொல்லும் மருந்தைக் கேட்குமுன், அதைச் சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்று பார்.