கரையாத மண்கட்டி

ஒரு காட்டில், குழந்தைகளே, விலங்குகளெல்லாம் தினை விதைத்துப் பிழைத்து வந்தன. அங்கே ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்துக்கு முன்னால் யானை ஒவ்வொரு வயலாகச் சுற்றி வருவார். எந்த வயலில் காய்ந்த தழை கிடக்கிறதோ, அந்த வயலுக்குரியவர் சோம்பேறி என்று தீர்ப்பாகும். சோம்பேறியின் வயல் பக்கத்து வயல்காரருக்குப் போய்விடும்.

அதனால் அறுவடை முடிந்ததும் எல்லாரும் தினைத்தாளைக் கொளுத்தி, நிலத்தை வழித்துத் துடைத்த மாதிரி வைத்துக்கொள்வார்கள். பத்து நாளைக்குக் காடே இருமிக்கொண்டிருக்கும்.

முள்ளம்பன்றி மட்டும் கொளுத்தவில்லை. எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புவது அவளுக்குப் பிடிக்காது. சில வருடங்களாக வெயில் கூடிக்கொண்டே போனது. மழையோ இஷ்டத்துக்கு வந்தது, வந்தால் கொட்டித் தீர்த்தது. 'புகையாகப் போவது நம் மண்ணில் சேரவேண்டிய கரிதானே? அது மேலே போய் வெயிலைக் கூட்டுகிறது, கீழே மண்ணை மெலிய வைக்கிறது' என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

மூன்று வருடமாகத் தாளை நிலத்திலேயே மட்க விட்டாள். வருடத்துக்கு ஒரு கைப்பிடி மண் எடுத்துக் கொட்டாங்கச்சியில் போட்டு வைத்தாள். முதல் வருட மண் வெளுத்திருந்தது. அடுத்தது பழுப்பு. மூன்றாவது நல்ல கறுப்பு. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

யானை வரும் நாளில் மட்டும் தழையை அள்ளி வளைக்குள் அடைத்துவிடுவாள். அவளுடைய இரண்டு குட்டிகளும் அன்றைக்குக் கால் நீட்டக்கூட இடமில்லாமல் முனகிக்கொண்டிருக்கும்.

பக்கத்து வயல் காட்டுப்பன்றிக்குப் பேராசை. அவளுடைய வயல்மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். இந்த வருடம் யானையை இரண்டு நாள் முன்னதாகவே கையோடு கூட்டி வந்துவிட்டான்.

"பாருங்க பெரியவரே, இது வயலா, குப்பைமேடா?"

யானை நேர்மையானவர்தான். ஆனால் வழக்கத்தைத் தாண்டி ஓரடி வைக்கமாட்டார். "தழை கிடக்குதேம்மா. வழக்கப்படி வயல் இவனுக்குத்தான்" என்றார்.

இந்த வயல் போனால் குட்டிகளுக்குக் கஞ்சி ஏது? முள்ளம்பன்றி யானைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பெரியவரே, ஒரே ஒரு சோதனை. ரெண்டு வயல்லேருந்தும் ஆளுக்கொரு மண்கட்டி எடுத்துத் தண்ணியில போடுவோம். எது கரையாம நிக்குதோ, அதுதான் மழையைத் தாங்குற மண். என் கட்டி கரைஞ்சா நானே கிளம்பிடறேன்."

"சரி," என்று முந்திக்கொண்டான் பன்றி, "ஆனா ரெண்டு கட்டியையும் நான்தான் எடுப்பேன்."

அவள் தயங்கித் தலையாட்டினாள்.

பன்றி லேசுப்பட்டவனா? தன் வயலில் வெயிலில் இறுகிக் கல்லாகக் கிடந்த கட்டியாகத் தேடி எடுத்தான். அவள் வயலிலோ, தொட்டாலே உதிரும் போலிருந்த கட்டி ஒன்றை எடுத்தான். அதிலிருந்து வேர்கள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன.

இவ்வளவு இறுகிய கட்டியோடு அவள் சோதித்துப் பார்த்ததே இல்லை. 'வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனோ' என்று நினைத்தாள். முட்களெல்லாம் சிலிர்த்து நின்றன.

இரண்டு கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றிக் கட்டிகளைப் போட்டார்கள். பன்றியின் கட்டி அசையவில்லை. பன்றி இளித்தான்.

அப்புறம் அதிலிருந்து குமிழி கிளம்பியது. ஒரு பக்கம் சரிந்தது. மறுபக்கமும் சரிந்தது. அவன் இளிப்பை மூடுவதற்குள் கட்டி மொத்தமும் குழம்பாகிவிட்டது.

அவளுடைய கட்டி போட்டபடியே இருந்தது. மட்கிய தழையும் வேரும் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததால் தண்ணீர்கூடக் கலங்கவில்லை. யானை துதிக்கையால் மெல்லத் தட்டிப் பார்த்தார். அப்போதும் அது கரையவில்லை.

அப்பாடா! முள்ளம்பன்றியின் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன.

யானை இரண்டு கொட்டாங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை வருஷமா தழையைத்தான் பார்த்திருக்கேன், அதுக்குக் கீழே இருக்கிற மண்ணைப் பார்க்கல. தப்பு என்னுதும்மா. வயல் உன்னுதுதான்" என்றார்.

நாலாம் நாள் மழை கொட்டியது. பன்றியின் மண்ணும் விதையும் ஓடைக்குப் போய்ச் சேர்ந்தன. அவளுடைய வயல் வந்த மழையைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது.

பன்றி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "தங்கச்சி, கொஞ்சம் தழை கொடேன்."

"இந்த வருஷத்துக்கு ரெண்டு கட்டு எடுத்துக்கண்ணே. அடுத்த வருஷம் உன் தாளைக் கொளுத்தாம விட்டாலே போதும்."

அடுத்த அறுவடைக்குப் பின் காட்டில் யாரும் இருமவில்லை. யானை ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரோடு வயல்களைச் சுற்றி வந்தார். அன்றைக்கு முள்ளம்பன்றியின் குட்டிகள் வளைக்குள் நன்றாகக் காலை நீட்டிப் படுத்துத் தூங்கின.

நீதி: பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறதே என்று முடிவு கட்டாதே, சோதித்துப் பார்த்துச் சொல்.