பல்லியின் கண்ணில் கோடு விழுந்த கதை

கற்பூரத்தை ஏற்றிக் கொண்டு வாருங்கள், அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது!

அந்தக் காலத்தில் பல்லிகள் பேசும். அந்தக் காலம் என்றதும் ராஜா காலத்துக்குப் போய்விடாதீர்கள். வள்ளியூரில் தெருவிளக்கு வந்தாகிவிட்டது, மொட்டைமாடிக்குத் தொலைநோக்கியும் வந்தாகிவிட்டது. பல்லிகள்தான் இன்னும் வாயை மூடவில்லை.

அப்போது பல்லியின் கண்மணி மிளகு மாதிரி உருண்டை. தங்கையா வீட்டுப் பல்லிக்கு அதுவே வினை. தெருவிளக்கைச் சுற்றி அத்தனை பூச்சி இருக்கும். ஏறிட்டுப் பார்த்தால் மொத்த வெளிச்சமும் கண்ணுக்குள் கொட்டி எல்லாம் வெள்ளையாகிவிடும். தாவும், காற்றைக் கவ்வும். காய்ந்து வற்றலாகிவிட்டது பாவம்.

மாடியில் தங்கையாவுக்கும் அதே விளக்கோடுதான் சண்டை. வானத்தில் ரோஜாப்பூப் போல ஒரு நெபுலா, அதாவது ஒளிரும் வாயுமேகம், இருக்கிறது, அதைப் படமெடுத்துக் காட்டுகிறேன் என்று கல்யாணமான புதிதில் மனைவி புஷ்பக்கனியிடம் சொல்லிவிட்டார். எடுத்ததெல்லாம் விளக்கொளியில் வெளுத்துப்போனது. “அவிச்ச இட்லிய எதுக்குங்க படம் பிடிச்சிருக்கீங்க?” என்பாள் அவள். மாசி முடிந்தால் வானத்துப் பூ மேற்கே சாய்ந்துவிடும், அப்புறம் அடுத்த வருஷம்தான்.

அன்று இருட்டியதும் தொலைநோக்கியில் மாட்டிய கேமராவுக்கு முன்னால் பொத்தான் அளவு கண்ணாடி ஒன்றைச் செருகினார்.

“அது என்ன அண்ணாச்சி?” என்றது பல்லி.

“ஃபில்டர்டே. பூவோட சிவப்பு மட்டும்தான் உள்ள போகும். தெருவிளக்கு வாசல்லயே நிக்கும்.”

“அவ்வளவு கொஞ்சமா விட்டா ஒண்ணுமே தெரியாதே?”

“கொஞ்சமா விட்டாத்தான் தெரியும். ஆனா பொறுக்கணும். அஞ்சு நிமிஷம் அசையாம இரு.”

பல்லி இருந்தது. கேமரா ‘ச்சு’ என்றது. திரையில் செக்கச்செவேலென்று ஒரு பூ!

பல்லி விறுவிறுவென்று ஓடி, ஓரமாகக் கிடந்த திருகு இடுக்கியில் தலையை நீட்டியது. “திருகும் அண்ணாச்சி!”

“கிறுக்கா உனக்கு? மண்டை நசுங்கிரும்.”

“பட்டினியில போறதுக்கு இது தேவல. என் கண்ணும் கொஞ்சமா விடட்டும்.”

தங்கையா கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு சுற்றுத் திருகினார்.

வெளியே வந்த பல்லிக்குத் தலை தட்டை. கண்மணி நூல் அளவு கோடு. அண்ணாச்சி என்று கூப்பிட வாயைத் திறந்தால் கேமராவின் ‘ச்சு’தான் வந்தது. தங்கையா பதறிப்போனார். பல்லி பதறவில்லை. தெருவிளக்கை ஏறிட்டது. ஒவ்வொரு பூச்சியும் மீசை சகிதம் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரே தாவல். லபக்!

புஷ்பக்கனி மாடியேறி வந்து திரையை வெகுநேரம் பார்த்தாள்.

“இட்லி இல்ல” என்றாள். “சரி, சாப்பிட வாங்க.” அவள் சிரித்தது இருட்டிலும் தெரிந்தது.

அன்று முதல்தான் வெளிச்சம் கண்டால் பல்லியின் கண்மணி கோடாகிறது. சொல்ல வந்ததையெல்லாம் ‘ச்சு ச்சு’ என்று முடித்துக்கொள்கிறது. நம்பாவிட்டால் விளக்கடியில் போய்ப் பாருங்கள். ஆனால் சொன்னது யார் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். என் வீட்டுச் சுவரிலும் பல்லி உண்டு; அதுகளுக்குப் பேச்சுதான் போனது, காது போகவில்லை.