எட்டுப் பாகம்

தொம்மை ரோச்சின் கிதார் ஆல்பத்தைத் தூத்துக்குடியில் இன்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அதை அழித்துவிடச் சொல்வதற்காகத்தான் அவர் தன் ஆசிரியரின் வீட்டுப் படியேறினார்.

தொம்மைக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஆசிரியர் ஜெசிந்தா மச்சாதுவுக்கு முப்பத்தொன்பது. பதினோரு வருடம் பயணக் கப்பல்களில் கிதார் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் தொம்மையை அண்ணே என்பார். தொம்மை அவரை டீச்சர் என்பார்.

அதற்கு ஆறு வருடங்களுக்கு முன்பு தொம்மையின் தம்பி கஸ்பார் கடலில் இறந்துபோனான். சங்கு குளிப்பவன். பாகம் ஒன்றுக்கு ஆறடி என்ற கடல் கணக்கில் எட்டுப் பாக ஆழத்தில் மூழ்கினான். படகில் இருந்தவர்கள் அவன் இடுப்பில் கட்டிய கயிறு அசையும் என்று காத்திருந்தார்கள். அசையவில்லை.

மறு மாதம் தொம்மை ஒரு பழைய கிதாரோடு டீச்சரிடம் வந்தார்.

"கோயில் பாட்டுக்கு வாசிப்பேன். நாலு கார்டு பிடிக்கத் தெரியும். கூட்டத்தோட வாசிச்சது போதும் டீச்சர். ஒரே ஆளு, ஒரே கிதார்னு ஏதாவது இருக்கா?"

டீச்சர் தன் கிதாரை எடுத்து ஒரு ப்ளூஸ் வாசித்தார். அமெரிக்காவின் பருத்திக் காடுகளில், அடிமைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாடிப் பாடி உருவாக்கிய இசை அது. கட்டைவிரல் தடித்த தந்திகளில் நடந்துகொண்டே இருக்கும். மற்ற விரல்கள் அதன் மேல் அழும்.

தொம்மை கேட்டு முடித்து, "இதுதான்" என்றார்.

கட்டைவிரல் நிற்காமல் நடக்கவே அவருக்கு இரண்டு வருடம் ஆனது. கப்பலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கிரேன் கூண்டுக்குள் தொடையில் தட்டிப் பழகினார். "விரல் நிக்குதுண்ணே" என்பதைத்தான் டீச்சரிடமிருந்து அவர் அதிகம் கேட்டிருப்பார். பாராட்டு என்று ஒன்றைக் கேட்டதே இல்லை.

ஆறாவது வருடம், பாளையங்கோட்டையில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து ஏழு பாட்டுகளைப் பதிவு செய்தார். டிரம்ஸ் கிடையாது, பாடகர் கிடையாது. ஒரு கிதார் மட்டும். ஏழாவது பாட்டுக்கு 'எட்டுப் பாகம்' என்று பெயர். அதை ஒரே தடவைதான் வாசித்தார். ஆல்பத்துக்கும் அந்தப் பெயரையே வைக்கலாம் என்றார் ஸ்டூடியோக்காரர்.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அவர் டீச்சர் வீட்டுப் படியேறியது.

"அழிச்சிரச் சொல்லுங்க டீச்சர்."

"எதை?"

"எல்லாத்தையும். நான் சொன்னா ஸ்டூடியோக்காரர் கேக்க மாட்டேங்காரு. மனசு வரலைங்காரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு."

"வாசிப்பு சரியா வரலையா?"

"வந்திருக்கு." தொம்மை நாற்காலியில் உட்காராமல் நின்றார். "அதுதான் டீச்சர் பிரச்சினை."

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"கடைசிப் பாட்டுல கஸ்பார் இருக்கான். அவன் முங்குனது, கயிறு அசையாம கிடந்தது, எல்லாம் இருக்கு. வாசிக்கும்போது அவன் முகம் முன்னால நின்னுச்சு. கடைசித் தந்தி அடங்குத வரைக்கும் நான் மூச்சு விடல. பெறவு..."

"பெறவு?"

"சிரிச்சிட்டேன்."

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"கையை மேல தூக்கிட்டேன் டீச்சர், கோல் போட்டவன் மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டூடியோக்காரர் எந்திரிச்சு நிக்காரு. எனக்கு நெஞ்செல்லாம் பெருமை. இப்படி ஒருத்தன் வாசிப்பானான்னு எனக்கு நானே கேட்டுக்கிடுதேன். பஸ்ல வரும்போதுதான் உறைச்சுது. நான் வாசிச்சது என்ன? என் தம்பி செத்ததை. அதுல எனக்கு என்ன சிரிப்பு, என்ன பெருமை? அவன் சாவைக் காட்டி நான் கைதட்டு வாங்கணுமா?"

"பாட்டு கையில இருக்கா?"

போனில் இருந்தது. டீச்சர் வாங்கிப் போட்டுக் கேட்டார். கண்ணை மூடியிருந்தார். தொம்மை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது. டீச்சர் அதை முதலிலிருந்து இன்னொரு தடவை போட்டார். அதுவும் முடிந்ததும் எழுந்து, ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"வாங்கண்ணே, ஒரு இடத்துக்குப் போயிட்டு வருவோம்."

"எங்க டீச்சர்?"

"பின்னால உக்காருங்க."

கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே மாசிலாமணியின் பட்டறை இருந்தது. கல்லறைகளுக்குப் பெயர் வெட்டுபவர். டீச்சரின் அப்பாவுக்கும் அவர்தான் கல் வெட்டியிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டு, முகத்தில் வெள்ளைத் தூசியோடு வெளியே வந்தார்.

"வாங்கம்மா. யாருக்குக் கல்லு?"

"கல்லுக்கு வரல. இவரு எங்கிட்ட கிதார் படிக்காரு. நீங்க வெட்டுனதுலயே நல்ல கல்லு எதுவோ அதை இவருக்குக் காட்டணும்."

மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. உளியைக் கீழே வைத்தார். "அது இங்க இல்ல. வாங்க" என்று தண்ணீர் பாட்டிலோடு சாலையைக் கடந்தார்.

தோட்டத்தின் கிழக்குச் சுவரோரம் முழங்கால் உயரத்தில் ஒரு கருங்கல் நின்றது. மாசிலாமணி அதன் முன் குத்தவைத்து உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். கல்லில் 'எழில்' என்று ஒரு பெயர் மட்டும் இருந்தது. அதன் கீழே இரண்டு தேதிகள்.

"இந்த 'ழி'யைப் பாருங்க சார். உள்ளே சுழிச்சு வருத இடத்துல கல்லு சில்லு தெறிச்சிரும். அதுக்குப் பயந்துதான் இப்போ எல்லாரும் மிஷின்ல வெட்டுதாங்க. நான் உளியிலதான் வெட்டுனேன். எங்கயாவது ஒரு பிசிறு இருக்கா? தடவிப் பாருங்க."

தொம்மை குனிந்து தடவிப் பார்த்தார். இல்லை.

"இதைப் பாருங்க." பாட்டிலைத் திறந்து கல்லின் தலையில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் எழுத்துக்குள் புகுந்து, சுழியில் சுற்றி, ஒரு சொட்டு தங்காமல் இறங்கிப் போனது. "பள்ளத்தை வெளிப்பக்கமாச் சரிச்சு வெட்டியிருக்கேன். தண்ணி நிக்காது, பாசி பிடிக்காது. பதினாலு வருசம் ஆச்சு, நேத்து வெட்டுன மாதிரி இருக்கா இல்லையா? இந்த ஜில்லாவுல இப்படி ஒரு கல்லு நீங்க பார்க்க முடியாது."

"உண்மைதான்" என்றார் தொம்மை. "யாரோட கல்லு?"

"என் மக."

மாசிலாமணியின் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. பெருவிரல் மட்டும் அந்தச் சுழிக்குள் போய் அங்கேயே நின்றது.

"ஒன்பது வயசு. மூளைக் காய்ச்சல்."

தொம்மை கல்லில் இருந்த இரண்டு தேதிகளையும் படித்தார். "வெட்டும்போது கை நடுங்கலையா?" என்று கேட்டார்.

"நடுங்குன அன்னைக்கெல்லாம் உளியைத் தொடமாட்டேன். நாப்பது நாள் ஆச்சு முடிக்க."

"முடிச்ச அன்னைக்கு?"

மாசிலாமணி யோசித்தார்.

"முடிச்ச அன்னைக்கு வீட்டுக்கு ஓடுனேன் சார். செருப்புகூடப் போடல. பொண்டாட்டியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, பாருன்னு காட்டுனேன்."

"என்ன சொன்னாங்க?"

"இப்ப நீங்க தடவுன மாதிரியே தடவிப் பார்த்தா. 'நல்லா வந்திருக்கு'ன்னா. பெறவு ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்து அழுதோம்."

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பட்டறையில் வேலை கிடப்பதாகச் சொல்லிவிட்டு நடந்தார். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்து, "வெயில் சாயும்போது ஒரு நாள் வாங்க சார். எழுத்துக்குள்ள நிழல் விழும். அப்போ பார்க்கணும் எங்க எழிலை" என்றார்.

இருவரும் ஸ்கூட்டருக்கு வந்தார்கள். தொம்மை பின்னால் ஏறாமல் நின்றார்.

"டீச்சர், யார் வந்தாலும் அந்தக் கல்லைக் காட்டுவாரா?"

"யார் வந்தாலும் காட்டுவாரு. எனக்கு இது அஞ்சாவது தடவை."

"மக கல்லைக் காட்டி, எவ்வளவு நல்லா வெட்டியிருக்கேன் பாருன்னு..." தொம்மை நிறுத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்படிச் சொல்லுததுல அந்தப் பிள்ளைக்கு என்ன டீச்சர் லாபம்?"

டீச்சர் வண்டியில் சாவியைப் போட்டார். திருகவில்லை.

"அண்ணே, இன்னைக்குக் காலைல வரைக்கும், எழில்னு ஒரு பிள்ளை இந்த ஊர்ல இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"